ஆமிராவின் கதவுக்கு ஒரு கைப்பிடி

சவூதியின் தம்மாமிலிருந்து ஜக்கரிய்யா கட்டிக்கொண்டு வந்த பெட்டிகளில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. மனைவி முத்து பீவிக்குப் போர்வை, அத்தர், பாதாம். மைத்துனன் முஸம்மிலுக்குக் கைக்கடிகாரம். சென்னையில் வேலை பார்க்கும் மகன் தல்ஹாவுக்குச் சட்டைத்துணி. அவன் தைத்துப் போடப்போவதில்லை என்று தெரிந்தே வாங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய துண்டில் சுற்றி, ஒரு பித்தளைக் கைப்பிடி. கதவில் பொருத்துவது. கையில் எடுத்தால் கனம் தெரியும். விமான நிலையத்தில் அதை வெளியே எடுத்து, ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்துத்தான் விட்டார்கள்.

அது ஆமிராவுக்கு.

ஆமிராவை அவர் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. காயல்பட்டினத்தில் பழைய வீடுகளுக்கு இரண்டு வாசல். முன்வாசல் தெருவில் திறக்கும். பின்வாசல் முடுக்கில் திறக்கும். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடும் ஒடுக்கமான சந்துதான் முடுக்கு; அது பெண்கள் நடமாடும் பாதை. அவர்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தெருவைத் தொடாமலே போய்விடுவார்கள். ஆண்கள் அதில் கால் வைப்பதில்லை. போதாததற்கு, கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். ஜக்கரிய்யா வேறு தெருக்காரர். நிக்காஹ் முடிந்த சில மாதங்களில் சபுர் கிளம்பிவிட்டார். கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு ஊரில் அதுதான் பேர். போனவர் தம்மாமில் ஒரு கட்டடச் சாமான் கிடங்கில் சேர்ந்தார். கீல், தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி. தலைமயிர் உதிர்ந்து தாடி நரைக்கும்வரை அதே கிடங்கு.

ஆக, மாமியார் வீட்டு முடுக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு முத்து பீவி சொல்லித்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் தொலைபேசியில் பேசினால் காசு கரையும். நலமா, நலம், கரண்ட் பில் கட்டியாச்சா, கட்டியாச்சு, வச்சிரட்டுமா. பிறகு நெட்டில் சும்மாவே பேசலாம் என்று ஆனது. பேச்சு இலவசமான பிறகுதான் பேச ஒன்றுமில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவர் கூப்பிடுவார். முகம் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. பனியனோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போகிற அறை அது, முத்து பீவியும் அதற்கு ஒப்பமாட்டாள். நலம் விசாரித்து முடிந்ததும் இரண்டு பக்கமும் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

கடைசியாக விடுப்பில் வந்து போன பிறகு கொரோனா வந்தது. அப்புறம் கம்பெனி கைமாறியது. விடுப்பு தள்ளிக்கொண்டே போனது. அந்த இடைவெளியில்தான் ஆமிரா வந்தாள்.

“ஆமிரா அவ ராத்தாகூடப் பெரிய சண்ட,” என்றாள் முத்து பீவி ஒரு வெள்ளிக்கிழமை.

“ஏன், என்னவாம்?” என்றார் ஜக்கரிய்யா. எந்த ஆமிரா என்று கேட்கவில்லை. முடுக்கில் எத்தனையோ பேர்.

உம்மா வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆமிரா. இடியப்பம் அவித்து விற்பவள். மறுபக்கம் அவள் அக்கா ஸஹ்லா. சுவரில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்று ஆமிராவுக்கு ஆசை. ஸஹ்லா கூடாது என்கிறாள். இது வாராவாரம் வளர்ந்தது. ஸஹ்லா சுவரோரம் கோழிக்கூடு வைத்தாள். ஆமிரா சுவரில் ஆணி அடித்தாள். அந்தப் பக்கம் காரை உதிர்ந்து குழம்பில் விழுந்தது. ஜக்கரிய்யா அறையில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். “கதவு வச்சாச்சா?” என்று கிடங்கில் வேலை பார்த்த மலையாளி கூடக் கேட்பான். கதவு விஷயம் ஜக்கரிய்யாவுக்கு அத்துபடி. எந்தச் சுவருக்கு எந்த நிலை, கொத்தனாரிடம் என்ன கேட்க வேண்டும் என்றெல்லாம் சொல்லுவார். “அவகிட்ட சொல்லுதேன்,” என்பாள் முத்து பீவி.

பிறகொரு வெள்ளிக்கிழமை, ஆமிரா இப்படிச் சொன்னதாகச் சொன்னாள்:

“சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னு தெரியுது. இருமுனா கேக்குது. மொகந்தான் மறந்துபோச்சு.”

அன்றைக்கு அஸர் தொழுகையில் ஜக்கரிய்யாவுக்கு எத்தனையாவது ரக்அத் என்று தடுமாறியது. அடுத்த வாரம் மேலாளரிடம் போய், கணக்கை முடித்துத் தாருங்கள், ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.  

இப்போது வந்தாயிற்று. கைப்பிடியும் வந்தாயிற்று.

“ஆமிராவக் கூப்பிட்டு இதக் குடு,” என்றார் மறுநாள்.

முத்து பீவி கைப்பிடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “அவ ஊர்ல இல்லையே.”

“எங்க போயிருக்கா?”

“நாகூருக்கு.”

இரண்டு நாள் பொறுத்தார். “வந்தாச்சா?”

“காய்ச்சலாம்.”

“நாகூர்லயா?”

“ஆமா. அங்கனதான்.”

இடியப்பக்காரி இல்லாததால் முடுக்கில் யாருக்கும் எந்தக் குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் வீட்டிலேயே காலையில் சுடச்சுட இடியப்பம் வந்தது. யார் அவித்தது என்று கேட்டதற்கு, “அடுப்புதான் அவிச்சுது, சாப்பிடுங்க,” என்று பதில் வந்தது.

நல்ல காரியத்தை ஏன் தள்ளிப்போட வேண்டும்? ஆமிரா ஊரிலிருந்து வருவதற்குள் கதவு வேலையை முடித்துவைத்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஜக்கரிய்யா கைப்பிடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு முஸம்மிலின் கடைக்குப் போனார். பெயிண்டும் சிமெண்டும் விற்கிற கடை.

“மச்சான், ஒரு தச்சாசாரி வேணும். ஆமிரா வீட்டுல ஒரு கதவு வைக்கணும்.”

“எந்த ஆமிரா?” என்றான் முஸம்மில்.

“இடியப்பம் விக்கிறாள்ல, அவதான். ராத்தா பேரு ஸஹ்லா. நடுவுல சுவரு.”

முஸம்மில் சிமெண்டு படிந்த கையைத் தட்டிக்கொண்டான். “நம்ம தெருவுல எவன் சுவரு வச்சாலும், எவன் இடிச்சாலும், சாமான் நம்ம கடையிலதான். எனக்குத் தெரியாம ஒரு சுவரு இருக்குமா? ஆமிரான்னு ரெண்டு பேரு உண்டு. ஒண்ணு இப்பத்தான் தவழுது. இன்னொண்ணு கோலாலம்பூர்ல இருக்கு.”

“இல்ல மச்சான். நாகூர்ல இருக்கா. காய்ச்சல்.”

பெயிண்டு வாங்க நின்றிருந்த சுடலைக்கண்ணன், ஊரில் பாதி வீட்டுக்கு வெள்ளையடித்தவர், மெல்லத் திரும்பினார். “பாய் சபுர் முடிஞ்சு வந்து ஒரு வாரம் ஆகல. கைப்பிடிய மட்டும் கையில வச்சிக்கிட்டு கதவத் தேடுதாரு. கதவுக்குப் பின்னால ஒரு பொம்பளயும் இருக்காங்களாம்.”

கடையே சிரித்தது. முஸம்மிலும் சிரித்தான், பிறகு அக்காவின் புருஷன் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டான். ஜக்கரிய்யாவுக்குக் காது சூடானது.

தெரு வழியாக அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முடுக்கு வழியாக முந்திக்கொண்டது. அடுக்களையில் முத்து பீவி முருங்கைக்கீரையை மடியில் வைத்தபடி, உருவாமல் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க ஏதோ பொம்பளயத் தேடி அலையிறதா நாலு பேரு வந்து சொல்லிட்டுப் போயாச்சு.”

“ஏதோ பொம்பள இல்லளா. ஆமிரா.”

“ஆமிரான்னு ஆளு இல்ல.”

“கோலாலம்பூர்ல ஒருத்தி இருக்காளாமே?”

“அது வேற. நான் சொன்ன ஆமிரா இல்ல. அவ புத்தகத்துல இருக்கா.”

ஜக்கரிய்யா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டார். “என்ன புத்தகம்?”

“கதப் புத்தகம்.”

முத்து பீவி எழுந்து போய் மாவு டின்னுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். ஆமிரா இருக்கும் புத்தகம் இல்லை, வேறு ஒன்று. நாவல்கள் இப்படித்தான் முடுக்கில் சுற்றுகின்றன. வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் இருக்கிற நேரம் பின்வாசல்கள் திறக்கும். படித்தவள் அடுத்த வாசலில் கொடுப்பாள், அதற்கு முந்தைய வாசலிலிருந்து வாங்குவாள். யாரும் எழுதிவைப்பதில்லை. யாரும் மறைத்ததுமில்லை. ஆண்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

“மொதல்ல கதன்னு உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்,” என்றாள். “கொத்தனாரக் கூப்பிடச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது. சொல்லிரலாம்னு பாத்தேன். சொன்னா சிரிச்சுட்டு வச்சிருவீங்க. அடுத்த வாரம் என்னத்தப் பேசுறது?”

“மக்காவுக்கு உம்ரா போனப்ப அவ முழங்கால் வலிக்கு நான் துஆ கேட்டேன், முத்து.”

“அது வீணாப் போகல. எனக்கும் முழங்கால் வலிதான்.”

அவருக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா, யார் வீட்டிலாவது மவுத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போவதா என்று புரியவில்லை. அறையில் போய்ப் படுத்தார். இல்லாத ஒருத்தி இல்லாமல் போனதற்கு எப்படித் துக்கப்படுவது? அவள் கோழிக்கூட்டைக்கூட அவரால் கண்முன் பார்க்க முடிந்தது. சுவரின் நீளம் தெரியும். ஊரில் அவருக்கு நன்றாகத் தெரிந்த வீடே அதுதான். அந்த வீடு இல்லை.

ஒரு விஷயம்தான் உள்ளே முள்ளாக நின்றது. முகம் மறந்துபோச்சு என்ற அந்த வார்த்தை. அதைக் கேட்டுத்தான் வேலையை விட்டார். அது யார் வார்த்தை? எங்கோ உட்கார்ந்து எவரோ எழுதியதைக் கேட்டு ஓடி வந்தோமா? இல்லை, முத்து பீவி கூப்பிட்டு வந்தோமா? அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் ஒன்று சொல்லுவாள். நாகூர் என்றும் அவள்தானே சொன்னாள்?

அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்.

ஆமிரா இருந்த புத்தகம் எப்போதோ முடுக்கில் வேறு பக்கம் போய்விட்டது. சொல்லி அனுப்பியிருப்பதாக முத்து பீவி சொன்னாள். காத்திருக்கப் பொறுக்காமல் ஜக்கரிய்யா தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து ஒரு பழைய புத்தகக் கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் தேவபிரசாதம், நாசரேத்துக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

“புத்தகம் பேரு?”

“தெரியாது. அட்ட கிடையாது.”

“எழுதுனது?”

“அதுவும் மொதப் பக்கத்தோட போயிருச்சாம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. நடுவுல ஒரு சுவரு. தங்கச்சிக்காரி கதவு வைக்கணும்னு நிக்கிறா.”

“அக்கா தங்கச்சி, நடுவுல சுவருன்னா இங்கன ஒரு அலமாரியே கெடக்கு.” தேவபிரசாதம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “பாய், நீங்க புத்தகத்தத் தேடுதீங்களா, அந்தத் தங்கச்சியத் தேடுதீங்களா?”

ஜக்கரிய்யா யோசித்தார். “அதுதான் எனக்கும் வெளங்கல.”

அவர் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது கட்டிலின் மேல், வெள்ளைத் துப்பட்டித் துணியில் சுற்றி, புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை. முன்னால் சில பக்கங்கள் இல்லை. ஓரமெல்லாம் மஞ்சள் கறை, எண்ணெய் விரல். பல இடங்களில் பக்கத்தின் மூலையை மடக்கிய தடம். எத்தனை அடுக்களைகளைப் பார்த்திருக்குமோ.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஜக்கரிய்யா படித்தது அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளைத்தான். உதடு அசைய ஆரம்பித்தார். காற்றாடியில் பக்கம் பறந்தது. பித்தளைக் கைப்பிடியை எடுத்து மேலே வைத்தார். முதல் நாள் கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. அவர் மனதில் ஆமிரா தடித்தவள். புத்தகத்தில் ஒல்லி. இது என்ன புதுக்கதை என்று எரிச்சல் வந்தது. ஊரும் இந்த ஊர் இல்லை, கடலே கிடையாது. ஸஹ்லா வெற்றிலை போடுகிறாள். முத்து பீவி அதைச் சொல்லவே இல்லை. முழங்கால் வலி எங்குமே வரவில்லை.

மூன்றாம் நாள் உதடு அசைவது நின்றது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. தம்மாமில் ஆமிரா ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த வெள்ளிவரை காத்திருக்க வேண்டும். இங்கே பக்கத்தைத் திருப்பினால் பேசுகிறாள். வைத்துவிட்டுத் தொழுதுவிட்டு வந்தால், விட்ட இடத்தில், தூக்கிய கையோடு அப்படியே நிற்கிறாள். இது எப்படி நடக்கிறது? கறுப்பு எழுத்து, பழுப்புத் தாள். நடுவில் ஆள் எங்கிருந்து வருகிறாள்? காரை குழம்பில் விழுந்த இடத்தில், தெரிந்த விஷயம்தான், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முத்து பீவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முடிவு வந்தபோது புத்தகத்தோடு அடுக்களைக்கு ஓடினார்.

“வீட்ட வித்துட்டுப் போயிட்டாளே!”

“ஆமா,” என்றாள் முத்து பீவி.

“கதவு வைக்கவே இல்ல. நீ சொல்லலையே.”

“மூணு மாசத்துல புத்தகம் முடிஞ்சுபோச்சு. அவ வித்துட்டுப் போனது எனக்குப் பிடிக்கல. அதான் போக விடல. பிறகு நானாத்தான் ஓட்டுனேன்.”

“கோழிக்கூடு?”

“அது இருக்கு.”

“ஆணி?”

“அதுவும் இருக்கு. முழங்கால் வலி நான் போட்டது.”

ஜக்கரிய்யா பக்கங்களைச் சும்மா புரட்டினார். “மொகம் மறந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாளே. இருமுனா கேக்குதுன்னு. அது இதுல இல்ல. நான் தேடிப் பாத்தாச்சு.”

முத்து பீவி அரிவாள்மனையை நிமிர்த்தி வைத்தாள். “இருக்கும். நல்லாப் பாருங்க.”

“இல்ல முத்து.”

“அப்ப வேற புத்தகத்துல இருந்திருக்கும். எத்தன புத்தகம் படிச்சிருப்பேன். எது படிச்சது, எது நானாச் சொன்னது, எனக்கே கலந்துபோச்சு.” அவள் அவரைப் பார்க்காமல் கீரையை உருவ ஆரம்பித்தாள். பொய் சொல்கிறவள் மாதிரியும் இல்லை, உண்மை சொல்கிறவள் மாதிரியும் இல்லை. நினைவில் எதையோ தேடித் துழாவுகிறவள் மாதிரி இருந்தாள்.

ஜக்கரிய்யா இரண்டாம் தடவை படித்தார். இந்த முறை மெதுவாக, கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக. அந்த வார்த்தை இல்லை. ஆனால் முதல் தடவை கண்ணில் படாத எத்தனையோ பட்டன. ஸஹ்லா தினமும் சுவரோரம் வந்து நிற்கிறாள். எதற்கு என்று எழுதியவர் சொல்லவே இல்லை. ஒரு புத்தகத்தில் இல்லாததும் எப்படி உள்ளே இருக்கிறது? குழப்பம் தீரவில்லை, கூடித்தான் போனது. இருந்தாலும் படிக்கிற வேகம் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா நேரத்தில் புத்தகம் அடுத்த வாசலுக்குப் போயாக வேண்டும். காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஜக்கரிய்யா அடுக்களை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முத்து பீவி கீழே கீரைத்தட்டோடு இருந்தாள்.

“கேளு,” என்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஆமிரா சாமான்களை வண்டியில் ஏற்றுகிற கட்டம். முத்து பீவி உருவியபடியே கேட்டாள். அவள் சொல்லி அவர் கேட்டுத்தான் பழக்கம். இது தலைகீழாக இருந்தது. ஸஹ்லா சுவரோரம் வந்து நிற்கும் இடம் வந்தது. ஜக்கரிய்யா செருமிக்கொண்டார். கைப்பிடியைப் பக்கத்தின் மேல் நகர்த்தி வைத்துவிட்டு, அதே குரலில் தொடர்ந்தார்.

“அப்போது ஸஹ்லா சொன்னாள்: முகம் மறந்துபோச்சு என்றால் என்ன, புதிதாக ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.”

முத்து பீவியின் கை நின்றது.

“இது அதுல கிடையாதே.”

“இருக்கும்,” என்றார் ஜக்கரிய்யா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “நல்லாப் பாரு.”

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஜக்கரிய்யாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“தாடிக்கு மருதாணி போட்டிருக்கீங்களா?”

“ஆமா.”

“எப்பலேந்து?”

“நாலஞ்சு வருசமா.”

“சொல்லவே இல்ல.”

“நீ கேக்கல. ஆமிராவப் பத்தித்தான பேசிக்கிட்டு இருந்தோம்.”

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். தெருவில் ஆண்கள் நடக்கிற செருப்புச் சத்தம் கேட்டது. ஜக்கரிய்யா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், எழுந்திருக்கவில்லை. பின்வாசலில் யாரோ மெல்லத் தட்டினார்கள். புத்தகம் வாங்க வந்தவள்.

“குடுத்துரட்டுமா?” என்றாள் முத்து பீவி.

“இன்னும் முடியலன்னு சொல்லு,” என்றார் அவர்.